ரீபோர் ஆகி வந்த சிலிண்டரை அளக்காமல் மாட்டாதீர்கள்

பழைய 250 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்), 65 மி.மீ. போர் (உள் விட்டம்). வீட்டிலேயே பிரித்தாகிவிட்டது, வீட்டில் செய்ய முடியாத மூன்று வேலைகள் மட்டும் வெளியே போயின. சிலிண்டரை 0.50 ஓவர்சைஸுக்கு ரீபோர் செய்வது (உட்சுவரை வெட்டி 0.50 மி.மீ. பெரிதாக்குவது), கிராங்கில் பிக் எண்ட் கிட் (கனெக்டிங் ராடும் அதன் கீழ்முனைப் பின், ரோலரும்) மாற்றுவது, கிராங்க் கேஸை பிளாஸ்டிங் செய்வது (மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது). மூன்றும் முடிந்தது என்று பில்லோடு, எண்ணெய் துடைத்துப் பளிச்சென்று திரும்பி வந்தன. மூன்றிலும் கோளாறு.

பட்டறையின் பெயர் இங்கே வராது. பெயரைத் தெரிந்துகொண்டு அதை மட்டும் தவிர்ப்பதால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் இந்த மூன்று கோளாறும் எங்கேயும் நடக்கக்கூடியவை. மாட்டும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அளந்தால் மூன்றும் பிடிபடும். மாட்டி ஓட்டிய பிறகு பிடிபட்டால் பேச்சே வேறு. "ஆயில் கம்மியா கலந்து ஓட்டியிருப்பீங்க" என்று ஒரே வரியில் முடிந்துவிடும், அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

முதலில் சிலிண்டர். 65.50 என்று முத்திரை குத்திய பிஸ்டன் உண்மையில் 65.50 இருக்காது, ஓடுவதற்கான இடைவெளியைக் கழித்துத்தான் செய்திருப்பார்கள். இந்த பிஸ்டன் 65.44. அளக்க வேண்டிய இடம் பாவாடைப் பகுதியின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பிஸ்டன் சுவர்) கீழ்ப்பக்கம், அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில். தலைப்பகுதியில் அளந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் பிஸ்டன் மேலே போகப்போகச் சிறுத்திருக்கும். பின் திசையில் அளந்தாலும் குறையும், ஏனென்றால் அது முழு வட்டம் அல்ல, லேசான நீள்வட்டம். வெர்னியரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. தேடுவது நூறில் ஒரு மில்லிமீட்டர். வெர்னியரின் தாடையை அழுத்தும் விதத்திலேயே அந்த அளவு தொலைந்துவிடும். 50–75 மி.மீ. மைக்ரோமீட்டரும் டயல் போர் கேஜும் வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள்.

போரை ஆறு இடத்தில் அளக்க வேண்டும்: மேல், நடு, கீழ் என மூன்று மட்டம், ஒவ்வொன்றிலும் முன்–பின் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போர்ட் ஜன்னல்களின் (சுவரில் கலவையும் புகையும் வந்துபோகும் திறப்புகள்) மேல் கேஜின் முனை உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த பேரலில் நடுவில் 65.58, மேல் வாயிலும் கீழ் வாயிலும் 65.60. பிஸ்டனுக்கும் சுவருக்கும் குறைந்தபட்ச இடைவெளி 0.14 மி.மீ. வார்ப்பு அலுமினிய பிஸ்டன், இரும்பு பேரல், காற்றுக் குளிர்ச்சி என்றால் ஓர் அங்குல போருக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு, 65 மி.மீ.க்கு அது 0.065 ஆகிறது. அந்த மாடலின் மேனுவல் கையில் இருந்தால் அதில் உள்ள எண்தான் சட்டம். எப்படிப் பார்த்தாலும் 0.14 என்பது இரு மடங்குக்கு மேல்.

எப்படி இப்படி ஆகியிருக்கும்? பிஸ்டனை அளக்காமல் முத்திரை எண்ணை மட்டும் பார்த்து, போரிங் பாரிலேயே 65.50 முழுதும் வெட்டியிருக்கிறார்கள். ஹோனிங்குக்கு (கல்லால் தேய்த்து இழைப்பதற்கு) என்று 0.05 அளவு விட்டு நிறுத்தியிருக்க வேண்டும். விடாததால், வெட்டுக்கோடு மறையும்வரை ஹோன் போட்டதில் 0.08 கூடுதலாகப் போய்விட்டது. இரண்டு வாயிலும் அகன்றிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது: ஹோன் கல் விளிம்பைத் தாண்டி அதிகம் வெளியே வந்து போனால் வாய் இப்படித்தான் மணிபோல் விரியும்.

போர் கேஜ் கிடைக்காதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். பிஸ்டன் ரிங்கைத் தனியாக போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளிச் சமமாக உட்கார வைத்து, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 65 மி.மீ. போருக்கு ஏறக்குறைய 0.25–0.30 இருக்கலாம். போரின் விட்டம் கூடினால் ரிங் இடைவெளி அதைப்போல் 3.14 மடங்கு கூடும், சுற்றளவுக் கணக்குதான். போர் 0.08 கூடினால் ரிங் இடைவெளி 0.25 கூட வேண்டும். இங்கே அளந்தபோது நடுவில் 0.54 வந்தது. அதாவது மைக்ரோமீட்டர் சொன்னதையே ரிங்கும் சொல்லிவிட்டது. மேல், நடு, கீழ் என்று ரிங்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் வாய் விரிந்திருப்பதும் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் ரிங் சுழலாமல் இருக்கக் காடியில் சிறு பின் இருக்கும். பிஸ்டனில் போட்டதும் அந்தப் பின்னின் இரு பக்கமும் முனைகள் சரியாக வந்து நிற்கின்றனவா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

இதைச் சொன்னபோது பட்டறையிலிருந்து வந்த பதில்: "ஓட ஓட செட் ஆயிடும்." இறுக்கமாக இருக்கும் இடம் ஓடி ஓடி இணங்கும், உண்மை. லூஸாக இருப்பது ஓடினால் இன்னும் லூஸாகத்தான் ஆகும். பிஸ்டன் சுவருக்குச் சுவர் ஆடி அடிக்கும், ரிங்கின் முகம் உருண்டுபோய் அடைப்பு போகும், நாளடைவில் பாவாடையில் விரிசல் விழும். பழைய வண்டியில் உண்மையான நஷ்டம் வேறு: ஒரு பேரலுக்கு இத்தனை ஓவர்சைஸ்தான் என்று கணக்கு உண்டு. ஒரு படியை வீணாக்கினால் அந்த இரும்பு திரும்ப வராது. இப்போது 65.75க்குப் போவதைத் தவிர வழியில்லை. படிகள் தீர்ந்துவிட்டால் புது லைனர் (உள் உறை) இறக்க வேண்டும். அது இன்னொரு பட்டறை, இன்னொரு காத்திருப்பு.

போர்ட் விளிம்புகளையும் அப்படியே விட்டிருந்தார்கள். ரீபோர் செய்ததும் ஜன்னல் விளிம்பு கத்திபோல் நிற்கும். ரிங் கொஞ்சம் வெளியே பிதுங்கித்தான் ஜன்னலைக் கடக்கிறது. கூரான விளிம்பில் மாட்டினால் உடையும், உடைந்த துண்டு போரை உழுதுவிடும். சிறு சுழல் கல்லாலோ மெல்லிய அரத்தாலோ மேல், கீழ் விளிம்புகளை அரை மி.மீ. அளவுக்கு 45 டிகிரியில் மழுக்கி, பிறகு எமரியால் இழைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பில் கை நிதானமாக இருக்கட்டும். அதிகம் தேய்த்தால் போர்ட் திறக்கும் நேரமே மாறிவிடும். பிசிறு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, ஒரு நைலான் துணியை விரலில் சுற்றி உள்ளே மேலும் கீழும் தேய்ப்பது. இழை மாட்டினால் ரிங்கும் மாட்டும்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. ஹோன் போட்ட பேரலைப் பெட்ரோலில் அலசினால் எண்ணெய் போகும், கல்தூள் போகாது. சுவரின் கோடுகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சுடுநீர், சோப்பு, பிரஷ். பிறகு வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் வரக்கூடாது. வந்தால் மறுபடி சோப்பு. உலர்ந்த உடனே எண்ணெய் பூசுங்கள், வெறும் இரும்பு சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும்.

அடுத்தது கிராங்க். சிலிண்டரில் நடந்தது கவனக்குறைவு. கிராங்கில் நடந்ததற்கு அந்தச் சொல் பொருந்தாது. பில்லில் பிக் எண்ட் பின், ரோலர், கனெக்டிங் ராட் எல்லாம் புதிது என்று எழுதியிருந்தது. இது அழுத்திப் பொருத்திய கிராங்க்; இரண்டு ஃபிளைவீலையும் பிரஸ்ஸில் பிரிக்காமல் பின்னையோ ரோலரையோ மாற்றவே முடியாது. வெளியே கொடுக்கும் முன் பின்னின் முனையிலிருந்து ஃபிளைவீல் முகத்துக்கு, இரண்டையும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கீறப்பட்டிருந்தது. புதுப் பின் போட்டிருந்தால் பின் முனையில் கோடு இருக்காது. பழைய பின்னையே மறுபடி அழுத்தியிருந்தாலும் கோடு நேராகச் சேருவது அபூர்வம். வந்த கிராங்கில் கோடு மயிரிழை பிசகாமல் அப்படியே நின்றது. அதாவது பிரிக்கவே இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, ராடைப் பளபளவென்று பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

கோடு போடாதவர்கள் கையால் கண்டுபிடிக்கலாம். பின் மேலே இருக்குமாறு வைத்து, ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் தள்ளி இழுங்கள். எண்ணெய் இல்லாமல் சுத்தமாகக் கழுவிய பிறகு செய்ய வேண்டும். கெட்டி எண்ணெய் ஆட்டத்தை மறைத்துவிடும். நேர் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் ராடின் மேல்முனை கொஞ்சம் சாய்வது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, கிராங்கின் நேர்மை. மெயின் பேரிங் உட்காரும் இடங்களை ‘வி’ பிளாக்கில் தாங்கி, இரு முனையிலும் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்றினால் முள் 0.03க்கு மேல் ஆடக்கூடாது. இங்கே மேக்னெட்டோ (மின்சாரம் தரும் பாகம்) பக்கம் 0.11 ஆடியது. முனையின் மரை காளான்போல் விரிந்திருந்ததைப் பார்த்தால் காரணம் புரிகிறது: சுத்தியல் அடி. புல்லர் இல்லாமல் எதையோ கழற்றவோ மாட்டவோ முயன்றிருக்கிறார்கள். அழுத்திப் பொருத்திய கிராங்கின் முனையில் இரும்புச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி விழுந்தாலே இரண்டு ஃபிளைவீலும் ஒன்றுக்கொன்று திருகிக்கொள்ளும். இப்படியே மாட்டினால் ரோட்டர் காயிலை உரசும், மெயின் பேரிங் கத்தும், ஆயில் சீலின் உதடு சீக்கிரம் தேயும்.

அந்த ஆயில் சீல் டூ ஸ்ட்ரோக்கில் உயிர்நாடி. மேக்னெட்டோ பக்க சீல் கசிந்தால் காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகும் அல்லது தலையில் ஓட்டை விழும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோவார்கள், கோளாறு அங்கே இருக்காது. பிரைமரி செயின் பக்கம் கசிந்தால் அந்தப் பக்கத்து எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். வெண்புகை நிற்காது, எண்ணெய் மட்டம் இறங்கும். எஞ்சினைப் பூட்டியதும் சோதிக்கலாம். இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் ஓட்டை வழியாக 0.4 பார், அதாவது 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். ஆறு நிமிடம் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், சீலே பிதுங்கி வெளியே வந்துவிடும்.

கிராங்க் கேஸ் விஷயம் சுருக்கம். பார்க்கப் புதுசுபோல் இருந்தது. கவிழ்த்து வைத்து மரச் சுத்தியலால் தட்டியபோது டிரான்ஸ்ஃபர் பாதையிலிருந்தும் (கலவை சிலிண்டருக்கு ஏறும் வழி) அடி மூடிய மரை ஓட்டைகளிலிருந்தும் வெள்ளைக் காகிதத்தில் மணல் கொட்டியது. பேரிங் உட்காரும் இடத்தை அடைக்காமல் பிளாஸ்ட் செய்ததில் அதன் வழவழப்பும் போயிருந்தது. இப்படிப்பட்ட சீட்டில் பேரிங் லூஸானால் சில பட்டறைகளில் சுற்றிலும் சென்டர் பஞ்சால் குத்தி மேடு எழுப்பி இறுக்குவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், பேரிங் அந்தப் புள்ளிகளில் மட்டும் தொட்டு நிற்கும், கொஞ்ச நாளில் மேடு நசுங்கி மறுபடி சுழலும். புஷ் (உலோக வளையம்) போடுவதுதான் முறை. சீட் சரியாக இருந்தால் கேஸை 100 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்கைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் தானாக விழுந்து உட்காரும், சுத்தியலுக்கு வேலை இல்லை. பேரிங் எண்ணுக்குப் பின்னால் சி3 (உள் இடைவெளி கூடிய ரகம்) கேட்டிருந்தால் சி3 தான் வாங்க வேண்டும். அலுமினியக் கேஸ் பேரிங்கின் வெளி வளையத்தை நெரிக்கும், சாதாரண இடைவெளி அதில் காணாமல் போய்விடும்.

அதே பிளாஸ்டிங்கில் எஞ்சின் நம்பரும் பாதி மங்கியிருந்தது. நம்பர் இருக்கும் இடத்தை டேப் போட்டு மூடாமல் கேஸையோ ஃபிரேமையோ எங்கும் அனுப்பாதீர்கள். ஆவணத்தில் உள்ள நம்பரை வண்டியில் படிக்க முடியாவிட்டால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் வண்டிக்குச் சிக்கல்தான்.

மறுபடி கொடுக்கும்போது முறை இப்படி: பிஸ்டன் கையில் வராமல் பேரல் போகாது. பிஸ்டனும் பேரலும் சேர்ந்தே போகும், பிஸ்டனின் உண்மை அளவும் வேண்டிய இடைவெளியும் ஒரு சீட்டில் எழுதி பேரலிலேயே கட்டப்படும். ஆறு இடத்து அளவையும் பட்டறையே எழுதித் தர வேண்டும். எழுத மறுத்தால் வேறு பட்டறை. முழு எஞ்சினை ஒப்படைப்பது இல்லை, பேரல் தனி, கிராங்க் தனி. கழற்றிய பழைய பின், ரோலர், ராட் எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, கீறிய கோட்டைப் படம் எடுத்து அவர்களுக்கும் காட்டிவிடுவது. மறைவாகக் கோடு போட்டுப் பிடிப்பதைவிட, கோடு இருக்கிறது என்று தெரிந்தே வேலை நடப்பது நல்லது.

கிராங்க் ஏற்கெனவே வேறு இடம் போயாகிவிட்டது, இந்த முறை பின்னின் இரு முனையிலும் கோடு. பேரல் எண்ணெய் பூசி, பாலித்தீன் சுற்றி, 65.75 பிஸ்டனுக்காகக் காத்திருக்கிறது.