தனுஷ்கோடிக்கு மூன்று சாலைகள்: எதில் வருவது?

நாட்டின் வடகோடியிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருபவர்கள் கடைசியில் எங்கள் கரைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். தனுஷ்கோடியில் சாலை முடியும் அரிச்சல்முனையில் பிற மாநிலப் பதிவெண் கொண்ட காரைப் பார்த்தால், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. பெரும்பாலும் மதுரை வழி என்றே பதில் வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை ரசித்து ஓட்டியவர்கள் கடைசி நூறு கிலோமீட்டரில் அவசரப்பட்டுவிட்டார்களே என்று மனம் வருந்தும்.

மதுரைச் சாலையைக் குறை சொல்லவில்லை. மதுரையிலிருந்து இராமேசுவரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் வழியே இறங்கி வருபவர்களுக்கு இதுதான் நேர்வழி. குழந்தைகள் களைத்திருந்தாலோ, மறுநாள் விடியலில் அமாவாசைத் தீர்த்தமாட வேண்டும் என்றாலோ யோசிக்காமல் இதில் வாருங்கள். வைகையும் உங்களோடு சேர்ந்து வந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். பங்குனி வாக்கில் பரமக்குடியைத் தாண்டினால் களங்களில் குண்டு மிளகாய் செக்கச்செவேலென்று காய்வதைப் பார்க்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. மற்றபடி இரு புறமும் சீமைக்கருவேலம்தான். மண்டபம் நெருங்கும்வரை கடல் கண்ணில் படாது. கடலைத் தேடி வருபவருக்கு இது பெரிய இழப்பு.

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவர்கள் மீமிசலைத் தாண்டியதும், சுந்தரபாண்டியன்பட்டினத்தில் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைவார்கள். இடப்பக்கம் பாக் நீரிணை. அலை அதிகம் எழாத இந்தக் கடலைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே உள்ள மன்னார் வளைகுடா ஆண் கடல். சாலையின் பெயரை நம்பிக் கடல் கூடவே வரும் என்று எண்ண வேண்டாம். ஊருக்குள் திரும்பினால்தான் அது முகம் காட்டும். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய் வரலாம். சற்று உள்ளே தள்ளி, 1693இல் கிறித்தவத் துறவி அருளானந்தர் உயிர்நீத்த ஓரியூர் இருக்கிறது.

இந்தச் சாலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவகிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களான நவபாஷாணத்தைச் சுற்றி வந்து, அதன்பிறகே இராமேசுவரம் போவது சேது யாத்திரையின் பழைய முறை. முன்னோர் நடந்த வரிசையிலேயே போக விரும்புபவருக்கு வேறு வழி கிடையாது. இரவில் மட்டும் இதில் வேகம் கூடாது. ஆடுமாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும்.

என் மனம் சாய்வது தென்கரைச் சாலைப் பக்கம். கன்னியாகுமரியைத் தொட்டவர்கள் பலர் திருநெல்வேலி, மதுரை என்று திரும்பவும் உள்நாட்டுக்குள் ஏறிச் சுற்றி வருகிறார்கள். வேண்டாம். தூத்துக்குடிக்கு வந்து, வேம்பார் வழியாகச் சாயல்குடியைப் பிடியுங்கள். அங்கிருந்து பனை, பனை, கண் போகும் தொலைவு வரை பனை. பருவத்தில் விடியற்காலையில் வந்தால் இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். வெயில் ஏறிவிட்டால் நுங்கு. அப்பா சாயல்குடியில் கருப்பட்டி வாங்காமல் அந்த ஊரைத் தாண்டியதில்லை. இப்போது நானும் அப்படித்தான். காலையில் கிழக்கு நோக்கி ஓட்டுவதால் வெயில் முகத்தில் அடிக்கும். அது ஒன்றுதான் தொல்லை.

பிறகு வாலிநோக்கத்து உப்பளங்கள், ஏர்வாடி தர்கா, கீழக்கரை. கீழக்கரையில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறிய தொதல் வாங்காமல் புறப்பட்டுவிடாதீர்கள். கையில் எண்ணெய் ஒட்ட ஒட்டத் தின்ன வேண்டிய பண்டம். கரைக்கு அப்பால், 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும் தூத்துக்குடியிலிருந்து பாம்பன்வரை வரிசையாகக் கிடக்கின்றன. அடுத்து திருப்புல்லாணி. இராமன் தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கும் கோலத்தை அங்கே பார்த்துவிட்டு, சேதுக்கரையில் போய்க் கால் நனைத்துக்கொள்ளுங்கள். பனங்காடு, உப்பு, தர்கா, பெருமாள் கோயில், கடல் எல்லாம் ஒரே பகலில் அமைந்த சாலையை வேறெங்கும் நான் ஓட்டியதில்லை.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடைக் காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்கும், மன்னார்ப் பக்கம் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தலைகீழ். இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் தென்கரையில் வந்து, வடகரையில் திரும்புங்கள்.

எதில் வந்தாலும் இராமநாதபுரத்துக்குப் பிறகு சாலை ஒன்றுதான். 1988இல் திறந்த பாலத்தில் பாம்பனைக் கடக்கும்போது, 1914ஆம் ஆண்டின் ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025இல் திறந்த புதிய தூக்குப் பாலம் அருகே தெரியும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டிவிட்டால் இரு பக்கமும் கடல். குளிர்காலமாக இருந்தால் பூநாரைகளையும் காணலாம். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் அருகே சற்று நின்று போங்கள்.

மாலைக்குமேல் அரிச்சல்முனைக்கு வண்டிகளை விடுவதில்லை. சேதுக்கரையிலேயே பொழுது போய்விட்டால் இராமேசுவரத்தில் இரவு தங்கி, காலையில் புறப்படுங்கள். காசிக்குப் போகிற எண்ணம் இருந்தால், அங்கே கங்கையில் சேர்ப்பதற்குக் கைப்பிடி மணலும் எடுத்துக்கொள்ளுங்கள்.