யுனிவர்சல் ரிமோட்: எண் போடுவதா, பழைய ரிமோட்டைப் பார்த்துப் படிக்கவைப்பதா?

புதுச்சேரி நேரு வீதியிலோ, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ போய் "டிவிக்கு ஒரு யுனிவர்சல் ரிமோட் குடுங்க" என்று கேட்டால், அந்த ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் மேஜைக்கு வரும். ஒன்று, உங்கள் மாடலுக்கென்றே செய்த மாற்று ரிமோட். அடுத்தது, நூற்றுக்கணக்கான குறியீடுகளை உள்ளே அடைத்து, எண் போட்டுத் தேடச் சொல்லும் ரகம். மூன்றாவது, பழைய ரிமோட்டின் சிக்னலைப் பார்த்துப் பதிந்துகொள்ளும் லேர்னிங் ரகம். எதை வாங்குவது என்பது விலையைவிட, பழைய ரிமோட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உயிர் இருந்தால் லேர்னிங்தான் சரி. பாதி பட்டன்கள் செத்திருந்தாலும் மீதியைப் பதிந்து வைக்கலாம். மொத்தமாகப் போனபிறகு வந்தால் எண் தேடும் வேலைதான் மிச்சம்.

போய்விட்டது என்று நினைக்கும் ரிமோட்டுகளில் பல போவதில்லை. கடற்கரைக் காற்றில் பேட்டரி ஸ்பிரிங் துருப்பிடித்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். பழைய டூத்பிரஷ்ஷில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, புது பேட்டரி போட்டுப் பாருங்கள். பிறகு செல்போனின் முன்பக்கக் கேமராவை ரிமோட் மூக்குக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால், எல்இடி வெளிர் ஊதாவாக மின்னுவது தெரியும். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும் என்பதால் அதில் தெரியாமல் போகலாம். சண்டே மார்க்கெட்டில் பழைய ரிமோட் வாங்குகிறவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம், ஆனால் மின்னுகிறது என்பதால் உங்கள் டிவிக்குப் பொருந்தும் என்று ஆகிவிடாது.

லேர்னிங் ரிமோட்டுக்குக் காசு கொடுக்கும் முன் டிடிஎச் அல்லது கேபிள் பாக்ஸ் ரிமோட்டை ஒரு தரம் பாருங்கள். பலவற்றில் மேலே ஒரு கட்டத்துக்குள் 'டிவி' என்று எழுதி, பவர், வால்யூம் கூட்ட, குறைக்க, ஏவி என நான்கைந்து பட்டன்கள் இருக்கும். அவை லேர்னிங் பட்டன்கள். தினசரிப் புழக்கத்துக்கு அவ்வளவு போதும், செலவும் கிடையாது. முறை ரிமோட்டுக்கு ரிமோட் கொஞ்சம் மாறினாலும் வரிசை பெரும்பாலும் இதுதான்: செட்டப் பட்டனை (சிலவற்றில் அந்த டிவி பவர் பட்டனையே) சில விநாடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு நிலையாக எரியும். இரண்டு ரிமோட்டையும் மேஜையில் மூக்குக்கு மூக்காக, 2 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். பதியவேண்டிய பட்டனை ஒரு தரம் தொடுங்கள், விளக்கு சிமிட்டும். இப்போது டிவி ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அழுத்துங்கள். விளக்கு இரண்டு மூன்று தரம் மின்னினால் பதிவாகிவிட்டது. கடைசியில் செட்டப்பை மறுபடி அழுத்தி வெளியே வந்தால்தான் சேமிப்பாகும் ரிமோட்டுகளும் உண்டு.

பதியாமல் போவதற்குக் காரணங்கள் சில்லறையானவை. ஜன்னல் வெயிலும் சிஎஃப்எல் விளக்கும் அகச்சிவப்பு இரைச்சலைக் கொட்டும், நிழலில் வைத்துச் செய்யுங்கள். மூலரிமோட்டில் பேட்டரி தளர்ந்திருந்தால் சிக்னல் அரைகுறையாகப் பதியும். இரண்டிலும் புது பேட்டரி போட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும். மலிவான லேர்னிங் ரிமோட்டுகளில் இன்னொரு வில்லங்கம்: எந்தச் சிக்னலை வாங்கினாலும் 38 கிலோஹெர்ட்ஸ் அலையிலேயே திருப்பி அனுப்பும். சோனி 40, பிலிப்ஸின் ஆர்சி5 முறை 36. டிவி கேட்கும், ஆனால் சோபாவிலிருந்து அல்ல, பக்கத்தில் போய் நின்றால்தான்.

ஆர்சி5 பற்றிக் கூடுதலாக ஒன்று. பிரான்சிலிருந்து வந்த பழைய பிலிப்ஸ் செட்டை இன்னும் ஓட்டும் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) வீடுகளுக்கு இது உதவும். அந்த 14 பிட் செய்தியில் ஒரு பிட், பட்டனை விட்டு மறுபடி அழுத்தும்போதெல்லாம் 0, 1 என மாறும். "இது புது அழுத்தல்" என்று டிவி தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். லேர்னிங் ரிமோட்டோ பதிந்த ஒரே பிட்டையே எப்போதும் அனுப்பும். அதனால் 11வது சேனலுக்கு 1, 1 என்று அழுத்தினால் முதல் 1 மட்டும் ஏறும், இரண்டாவது விழாது. நடுவே வேறொரு பட்டன் அழுத்தினாலும் பயனில்லாமல் போகலாம். எண் பட்டன்களை ஆர்சி5 குறியீடு உள்ளேயே உள்ள ரிமோட்டிடம் விட்டுவிட்டு, பவரையும் வால்யூமையும் மட்டும் லேர்னிங்கில் வைத்துக்கொள்வது நல்லது. எண் போடும் ரகம் ஜெயிக்கும் இடம் இது.

மற்ற இடங்களில் எண் போடும் ரகத்துக்குப் பொறுமை வேண்டும். கையேட்டில் உங்கள் பிராண்டுக்கு எதிரே பத்துப் பதினைந்து எண்கள் இருக்கும். செட் பட்டனை விளக்கு நிலையாக எரியும்வரை பிடித்து, எண்ணைப் போட்டு, வால்யூமை அழுத்திப் பாருங்கள். பவரை வைத்துச் சோதிக்காதீர்கள்: டிவி அணைந்து, திரும்ப எரிந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அரை நிமிடம் போய்விடும். தானாகத் தேடும் வசதியில், செட்டையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு குறியீடு ஓடும். டிவி அணைந்ததைக் கண்டு கையை எடுப்பதற்குள் ஒன்றிரண்டு தாண்டியிருக்கும், அதனால் பின்னால் போகும் பட்டன் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சேமிக்கும் முன் வால்யூம், மெனு, சோர்ஸ் மூன்றையும் பாருங்கள். ஒரே கம்பெனியின் பழைய, புதிய வரிசைகள், சிக்னலில் எந்தக் கருவிக்கு என்று சொல்லும் முகவரிப் பகுதியைப் பகிர்ந்துகொண்டு, புதிய பட்டன்களின் கட்டளையை மட்டும் மாற்றியிருக்கும். பவர் வேலை செய்து மெனு செய்யாதது அதனால்தான். அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

உள்ளூரில் அசெம்பிள் செய்த எல்இடி டிவியில் முகப்பில் உள்ள பெயரைப் பார்த்து எண் தேடுவது வீண். உள்ளே இருப்பது யுனிவர்சல் போர்டு, ரிமோட் எது என்பதை அதன் மென்பொருள் தீர்மானிக்கும். அப்படிப்பட்ட செட்டை மெக்கானிக்கிடம் காட்டி, போர்டுக்குப் பொருந்தும் மாற்று ரிமோட்டே வாங்கிவிடலாம். பிராண்ட் டிவிக்கும் மாடல் எண் சொல்லி மாற்று ரிமோட் கிடைத்தால் வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை. எல்லாப் பட்டனும் வேலை செய்யும், பேட்டரி மாற்றினாலும் மறக்காது. எண் போடும் மலிவு ரிமோட்டுகள் சில, பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். கண்டுபிடித்த எண்ணைப் பேட்டரி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஏசி வந்தால் கணக்கே வேறு. டிவி ரிமோட் "வால்யூம் கூட்டு" என்று ஒரு சின்னக் கட்டளை அனுப்பும், என்இசி என்ற சிக்னல் முறையில் 32 பிட்தான். ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெப்பநிலை, மோடு, விசிறி வேகம், ஸ்விங் என்று மொத்த நிலையையும் அனுப்பும். டைக்கின் மாடல்கள் பலவற்றில் அந்தச் செய்தி 35 பைட் நீளம். சின்ன நினைவகமுள்ள லேர்னிங் ரிமோட் அதை முழுதாகப் பிடிக்காது. பிடித்தாலும் "வெப்பநிலை கூட்டு" என்று ஒரு பட்டனைப் பதிய முடியாது. ஒரு பட்டனில் 'கூல், 24, விசிறி ஆட்டோ', இன்னொன்றில் '27, விசிறி மெதுவாக', மூன்றாவதில் 'அணை' என்று நிலைகளைத்தான் பதியலாம். அதைவிடத் திரையுள்ள ஏசி யுனிவர்சல் ரிமோட் மேல். பட்டியலில் உங்கள் பிராண்ட் பெயர் இல்லாவிட்டால் கவலைப்படாமல் தேடலில் போடுங்கள். ஏசி 'பீப்' என்றதும் கையை எடுத்து, மோடும் ஸ்விங்கும் திரையில் காட்டுவதுபோல் மாறுகிறதா என்று பாருங்கள். பீப் மட்டும் போதாது.

ஐஆர் (அகச்சிவப்பு) உள்ள ஷாவ்மி போன்ற போன்கள் அவசரத்துக்கு நல்லவை, ஆனால் பெரும்பாலும் அனுப்பத்தான் தெரியும், பதியத் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் டிவி பார்க்கும் நேரத்தில் போன் வெளியே போயிருக்கும் என்பதையும் யோசியுங்கள். பிராட்லிங்க் மாதிரியான வைஃபை பெட்டிகள் இரண்டும் செய்யும். அவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேரும், போன் 5-ல் இருந்தால் முதல் இணைப்பே தகராறு செய்யும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எழுந்திருக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு ஈஎஸ்பி8266 என்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்ன வைஃபை போர்டு ஒரு வழி. ரிசீவர் வாங்கும்போது டிஎஸ்ஓபி 38238 என்று கேளுங்கள், 3.3 வோல்ட்டில் ஓடும். பழைய டிஎஸ்ஓபி 1738 5 வோல்ட் கேட்கும், அதன் வெளியீட்டை நேரே ஈஎஸ்பி பின்னில் கொடுக்கக் கூடாது, இரண்டின் கால் வரிசையும் வேறு. 940 நானோமீட்டர் எல்இடியை 47 ஓம் வழியாக 5 வோல்ட்டில், 2என்2222 டிரான்சிஸ்டரால் இயக்குங்கள், பேஸில் 470 ஓம். ஈஎஸ்பி பின்னிலேயே நேராக மாட்டினால் இரண்டு அடி தாண்டாது. ஏசி சிக்னலைப் பிடிக்கும்போது செய்தி பாதியில் அறுந்தால், நிரலில் டைம்அவுட்டை 15 மில்லிவிநாடியிலிருந்து 50-க்கு ஏற்றுங்கள். நீளமான செய்திகளின் நடுவே வரும் இடைவெளியை முடிவு என்று அது எண்ணிவிடுகிறது.

ஃபயர் டிவி ஸ்டிக்கை அகச்சிவப்பு ரிமோட்டால் நேராக இயக்க முடியாது. ஸ்டிக்கில் அகச்சிவப்பு வாங்கும் கண்ணே இல்லை, அதன் ரிமோட் பேசுவது புளூடூத்தில். அந்த ரிமோட்டின் பவர், வால்யூம் மட்டும் டிவிக்கு அகச்சிவப்பில் போகும், லேர்னிங்கில் பதிவதும் அவைதான்.