ராஜினாமாவா, நீக்க உத்தரவா?

தி.நகர் ஜவுளிக்கடையில் பல வருடமாகக் கணக்கு பார்ப்பவரை, "நாளையிலிருந்து மாதவரம் குடோன்ல லோடு பாருங்க, இல்லேன்னா வேலை இல்லை" என்கிறார்கள். அவர் மறுக்கிறார். இனி இரண்டு வழி: தானே எழுதிக் கொடுத்து விலகுவது, இல்லை, நீக்கட்டும் என்று நிற்பது.

விலகுவது சுலபம். சம்பளப் பாக்கியும் அனுபவச் சான்றிதழும் சண்டையில்லாமல் வரலாம். ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. ஆனால் "சொந்தக் காரணங்களுக்காக" என்று அவர்களே அச்சடித்து நீட்டும் தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால், மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

நீக்கினால் சட்டம் துணைக்கு வரும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-ன்படி, ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்கக்கூடாது. ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். தொழிலாளர் துறை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நியமனக் கடிதத்தில் இடமாற்ற நிபந்தனை இருந்தால் வழக்கு பலவீனமாகும், அதை முதலில் எடுத்துப் படியுங்கள். வழக்கும் இழுக்கும், வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது.

என்றாலும் நான் இரண்டாவது வழியின் பக்கம்தான். மறுப்பை வாயால் சொல்லாமல், காரணத்தோடு ஈமெயிலில் எழுதுங்கள். பழைய வேலைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் 'தானாகவே வேலையை விட்டுவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள்.