அட்டவணையா, ஆளைக் கேட்டு வந்து சொல்வதா? ரிப்போர்ட்டட் ஸ்பீச்சை இரண்டு விதமாக நடத்திப் பார்த்த அனுபவம்

கிருஷ்ணகிரியில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் பக்கம் வேலை தேடுபவர்கள். மீதிப் பேர் ஏற்கெனவே கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட்டுக்குப் போய் வருபவர்கள். இவர்களுக்கு அவசியம் வேண்டியவை இரண்டு: வேலை சம்பந்தமான சொற்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது. இந்த இரண்டாவதுதான் ரிப்போர்ட்டட் ஸ்பீச்.

இதை இரண்டு விதமாக நடத்தியிருக்கிறேன். முதலாவது நாம் எல்லாரும் படித்த முறை. தொழில் பெயர்ப் பட்டியல் ஒன்று, அதன் பிறகு டைரக்ட், இன்டைரக்ட் அட்டவணை. 'ஆம்' வந்தால் 'வாஸ்', 'வில்' வந்தால் 'வுட்', 'டுமாரோ' வந்தால் 'த நெக்ஸ்ட் டே'. இரண்டாவது, வேலை செய்யும் யாராவது ஒருவரைப் போய்ப் பார்த்து நான்கு கேள்வி கேட்டு, அவர் சொன்னதை மறுநாள் வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்வது. போன வருடத்திலிருந்து இரண்டாவதற்கே மாறிவிட்டேன்.

செலவு இரண்டுக்கும் கிடையாது. நேரம் அட்டவணைக்குக் குறைவு, இரண்டு வகுப்பில் முடித்துவிடலாம். வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் பரீட்சைக்கும் அட்டவணைதான் கைகொடுக்கும்.

நான் மாறியதற்குக் காரணம் ஒரு மாணவனுக்கு நடந்தது. என் அட்டவணைப் பரீட்சையில் 20-க்கு 20 வாங்கியவன் அவன். வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில், கூட வேலை செய்யும் பையன் இவனிடம், "இன்னிக்கு நைட் ஷிப்ட் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறான். சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. இவன் போய், "சார், ஹீ டோல்ட் ஐ வில் டூ நைட் ஷிப்ட்" என்றிருக்கிறான். அவர் இவன் பெயரையே நைட் ஷிப்ட்டில் எழுதிக்கொண்டார். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு ராத்திரி பத்து மணிக்கு போன். ஒருநாள் சம்பளம் போயிற்று.

அவன் சொன்னதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். "நான் பாத்துக்கறேன்னு சொன்னான்." ஒரு பிழையும் இல்லை. தமிழில் 'என்று' போட்டுவிட்டால் ஒருவர் சொன்னதை அப்படியே உள்ளே வைத்துவிடலாம். 'நான்' என்பது சொன்னவனைத்தான் குறிக்கும் என்று கேட்பவருக்குத் தெரியும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களுக்கும் இதே பழக்கம்தான். 'அனி' என்றும் 'எந்து' என்றும் முடிப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த 'ஐ' எடுத்துச் சொல்பவன் தலையிலேயே விழுந்துவிடும்.

அட்டவணை முதலில் பிடித்துக்கொள்வது காலத்தை. ஆனால் அவன், "ஹீ செட் ஹீ வில் டூ த நைட் ஷிப்ட்" என்று சொல்லியிருந்தால், 'வில்' 'வுட்' ஆகாவிட்டாலும் ஒன்றும் கெட்டிருக்காது. இன்னும் நடக்கவிருக்கும் விஷயத்துக்கு ஆங்கிலமே அப்படிச் சொல்ல இடம் தருகிறது. காலம் தப்பினால் வாக்கியம் கொஞ்சம் இடறும். ஆள் தப்பினால் சேதியே மாறிவிடும். ஆள் யார் என்பது காகிதத்தில் படியாது. சொன்னவர், எடுத்துச் சொல்பவர், கேட்பவர் என்று மூன்று பேர் நிஜமாகவே இருக்க வேண்டும்.

சந்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் மாமாவைக் கேட்டு வந்தாள். அவர் நர்சரியில் மாங்கன்று ஒட்டுக்கட்டுபவர். டாக்டர், டீச்சர், பைலட் என்று போகும் பட்டியலில் அவர் தொழில் இருக்காது. 'கட்டுகிறார்' என்பதை அப்படியே மாற்றி, "மை அங்கிள் டைஸ் மேங்கோ பிளான்ட்ஸ்" என்று ஆரம்பித்தாள். ஒட்டுக்கட்டுவதற்கு 'கிராஃப்ட்ஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தேன். அடுத்து, "ஹீ செட் ஐ கெட் மணி ஃபார் ஈச் பிளான்ட்" என்றாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "யாருக்கு? உனக்கா?" ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, "நோ, நோ, ஹீ செட் ஹீ கெட்ஸ்" என்று அவளே திருத்திக்கொண்டாள். அட்டவணையை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ தடவை சொல்லியும் இறங்காத விஷயம் அது. அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, வகுப்பு கேட்டது.

இப்போது ஒரு படி சேர்த்திருக்கிறேன். ஆங்கிலத்துக்குப் போகுமுன் செய்தித்தாள் தமிழில் ஒரு தடவை சொல்ல வைக்கிறேன்: "தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்." இங்கே 'நான்' ஏற்கெனவே 'தான்' ஆகிவிட்டது. அந்த 'தான்' இருக்கும் இடத்தில் 'ஹீ' போடு என்றால் பிடித்துக்கொள்கிறார்கள்.

சொற்களும் இப்படி வந்தால்தான் தங்குகின்றன. ஷிப்ட், ஓ.டி., கான்ட்ராக்ட் எல்லாம் ஏற்கெனவே அவர்கள் வாயில் இருப்பவை. கூலி, சம்பளம் என்று நாமே பிரித்துப் பேசுவதால் 'வேஜஸ்', 'சாலரி' எளிதில் வந்துவிடும். தகராறு 'ஜாப்', 'வொர்க்' இரண்டிலும்தான், நமக்கு இரண்டுமே வேலை. "ஐ காட் எ வொர்க்" என்று வரும் பிழையைத் திருத்த, "அவருக்குக் கிடைத்தது ஜாப், அங்கே போய்ச் செய்வது வொர்க்" என்று அவர்கள் பார்த்துவந்த ஆளையே காட்டிவிடுகிறேன்.

என் வகுப்பில் 15 பேர்தான். 45 பேர் இருக்கும் பள்ளி வகுப்பில் இதைச் செய்து பார்த்ததில்லை. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலே பல பீரியட் ஓடிவிடும். வெளியாளிடம் போய்ப் பேசத் தயங்கும் பெண்களை வீட்டிலேயே ஒருவரைக் கேட்கச் சொல்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இதுவரை இரண்டே பேர் வந்திருக்கிறார்கள், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்தால் கடைசி வாரம் அட்டவணையை எடுத்துவிடுகிறேன். ஆனால் அதில் முதல் கட்டம் இப்போது 'ஆம், வாஸ்' இல்லை. 'ஐ' யார் என்று எழுதும் கட்டம்.