தார் சுற்றும் ராட்டையும் ஒரு சோப்ரானோ குரலும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, அதன் காற்று மட்டும் பாளையங்கோட்டை வரை வந்து சேர்ந்திருந்த ஓர் ஆனி மாத மாலையில், இங்குள்ள பள்ளி அரங்கம் ஒன்றில் சோப்ரானோ எனப்படும், பெண்குரல்களில் மிக உயர்ந்த வகைக் குரலுடைய இளம் பாடகி ஒருவர் பியானோ துணையோடு ஒன்றரை மணி நேரம் பாடினார். ஒலிபெருக்கி கிடையாது, பாட்டு நடக்கும்போது மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டார்கள். நம் தேவாலயப் பாடகர் குழுக்களில் நான்கு குரல் பாட்டு தலைமுறை தலைமுறையாக ஒலித்துவந்தாலும், ஒரே குரல் ஒரு மாலை முழுவதையும் தாங்கும் ஐரோப்பியத் தனிப்பாடல் கச்சேரி இந்த ஊருக்கு அவ்வளவாகப் பழகியதன்று. ஆகவே எனக்குத் தோன்றியதோடு, அருகிலிருந்து கேட்டவர்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இசையமைப்பாளர் ஹேண்டல் 1741இல் இயற்றிய 'மேசியா' என்னும் கிறிஸ்தவ இசைப் படைப்பின் மூன்றாம் பகுதியைத் திறக்கும் சோப்ரானோ பாடலோடு நிகழ்ச்சி தொடங்கியது. 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்னும், வேதாகமத்தில் வரும் யோபுவின் வசனம் அது. கல்லறைத் தோட்டத்தில் எத்தனையோ முறை கேட்ட சொற்கள் என்பதால், ஆங்கிலத்தில் பாடியபோதும் அரங்கத்தில் பலருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நிதானமாக, அழுத்தம் கொடுக்காமல் பாடினார். நல்ல தொடக்கம்.

அன்றைய மாலையின் உயிர் அடுத்து வந்த, இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடலில் இருந்தது. ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் கிரெட்சென் என்ற பெண் ராட்டையின் முன் அமர்ந்து, தன்னைவிட்டு அகன்றவனை நினைத்துப் பாடும் பகுதிக்கு, ஷூபர்ட் 1814 அக்டோபரில் இசையமைத்தபோது அவருக்கு வயது 17. பியானோவின் வலக்கையில் ராட்டை சுழலும். இடக்கையில் மிதிகட்டை ஏறி இறங்கும். அவள் அவனுடைய முத்தத்தை நினைக்கும் இடத்தில் சுழற்சி சட்டென்று நின்றுவிடும். பாடகி அந்த இடத்தில் குரலை முழுவதுமாகத் திறந்துவிட்டு, பின்பு அசையாமல் நின்றார். பியானோ தயங்கித் தயங்கி மறுபடி சுழலத் தொடங்கும்வரை அரங்கத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. வீரவநல்லூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அக்கா ஒருவர் எனக்கு அடுத்த இருக்கையில் இருந்தார். ஊடு நூலைச் சிறு குழலில் சுற்றுவதைத்தான் நெசவாளர்கள் தார் சுற்றுவது என்பார்கள். "எங்க அம்ம தார் சுத்துதப்போ இழை அறுந்தா ராட்டு இப்படித்தான் நிக்கும். மறுபடி சுத்துதப்போ மொதல்ல ஒரு இழுவ இருக்கும், கேட்டியளா?" என்றார். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாத அவர் கேட்டதைவிட நுணுக்கமாக அந்தப் பாடலை நான் கேட்டதாகச் சொல்ல முடியாது. இறுதி உச்சத்தில் பாடகியின் குரல் சற்று இறுகியது உண்மைதான். ஆனால் மெல்லப் பாடும்போது அவரிடம் இருக்கும் உறுதி, வயதை மீறியது.

கர்நாடக வாய்ப்பாட்டு கற்பிக்கும் ஒரு ஆசிரியைக்கு முதலில் குரலே அந்நியமாகப் பட்டது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் தார ஸ்தாயிப் பஞ்சமத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் 'ப'வைத் தொட்டாலே நாம் நிமிர்ந்து உட்காருவோம்; சோப்ரானோ அதற்கும் மேலே ஏறக்குறைய இன்னொரு ஸ்தாயி போக வேண்டும். "தலைக்குள்ள இருந்து வருது, நெஞ்சுல இருந்து வரல" என்று இடைவேளையில் சொன்னவர், முடிவில் மூச்சைப் பங்கிட்ட விதத்தைத் தம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இசையமைப்பாளர் ஷூமன் 1840இல் இசையமைத்த, ஒரு பெண்ணின் காதலையும் வாழ்வையும் சொல்லும் எட்டுப் பாடல்களும் முழுமையாக இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் பொருளைப் பாடகியே இரண்டு மூன்று வரித் தமிழில் சொன்னது பேருதவி. கணவன் இறந்த பின் அவள் வாய் ஓய்ந்துபோக, பியானோ மட்டும் முதல் பாடலின் இசையைத் திரும்ப வாசிப்பதுதான் அதன் முடிவு. பாடகி வாய் மூடியதும் கைதட்டல் எழுந்து அந்த முடிவை விழுங்கிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கேட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கையில் கொடுத்த தாளில் பாடல்களின் பெயர்கள் தவிர வேறொன்றும் இல்லை. இதையும் ஒரு வரி அச்சிட்டிருக்க வேண்டும். பியானோவின் மேல்கட்டைகளில் இரண்டு, சுருதியிலிருந்து விலகியிருந்ததையும் ஏற்பாட்டாளர்கள் முன்பே கவனித்திருக்கலாம்.

கடைசியாக, நிகழ்ச்சித்தாளில் இல்லாத ஒரு தமிழ்க் கீர்த்தனையைப் பாடினார். எல்லாரும் மகிழ்ந்தோம், ஆனால் அதுவரை தெரியாத ஒரு குறை அங்கேதான் தெரிந்தது. அத்தனை உயரத்தில் வாயை அகலத் திறந்தாக வேண்டியிருப்பதால் இகரமும் உகரமும் தம் வடிவை இழந்து அகரத்தை நோக்கி விரிந்துவிடுகின்றன. ஜெர்மன் பாடல்களிலும் இது நேர்ந்திருக்கும், நமக்குத் தெரிந்திராது. "குறில் எல்லாம் நெடிலாயிட்டம்மா, ஆனா ழகரம் சுத்தமா இருந்துச்சு" என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடமே சொன்னார். எந்த இடத்தில் ஐயா என்று கேட்டுக்கொண்டு, மேடைப் படியில் நின்றபடியே அந்த அடியைச் சுருதி இறக்கி மெல்லப் பாடிக் காட்டினார் அந்தப் பெண். அந்த முறை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.