ஜூஹுவா, வெர்சோவாவா, மட் தீவு பங்களாவா? மும்பை கடற்கரையில் போர்ட்ரெய்ட் எடுக்க எந்த இடம், யார் அனுமதி

செம்பூர், மாட்டுங்கா, தாராவி, முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் வளைகாப்புக்கு முன் ஒரு மெட்டர்னிட்டி ஷூட், நிச்சயத்துக்குப் பின் ஒரு அவுட்டோர், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு ஷூட் என்பது வழக்கமாகிவிட்டது. லொகேஷன் பேச்சு எடுத்தாலே "பீச்" என்பதுதான் முதல் பதில். எந்த பீச் என்பதை இன்ஸ்டாகிராமில் பார்த்த படத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். மும்பையில் அதற்கு முன் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த மணலில் நின்றால் நம்மிடம் கணக்கு கேட்கும் அலுவலகம் எது, நாம் தூக்கிப்போகும் சாமான் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது. இரண்டு மூன்று பேர் கொண்ட சிறிய டீமுக்கு எது தோதுப்படும் என்றுதான் இங்கே பார்க்கிறேன். சினிமா, சீரியல், விளம்பர யூனிட்டுகளுக்கு வழி வேறு. கோரேகாவ் ஃபிலிம் சிட்டியை நடத்தும் மகாராஷ்டிர அரசு நிறுவனமே ஒற்றைச் சாளர முறையில் அவர்களின் விண்ணப்பங்களை வாங்கிக்கொள்கிறது.

கேமராவைக் கையில் பிடித்துப் பொது இடத்தில் படம் எடுப்பதை மொத்தமாகத் தடுக்கும் சட்டம் நாட்டில் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு எடுப்பது வணிகம். அதற்கு நிலத்தைப் பராமரிப்பவரின் ஒப்புதல் வேண்டும். மும்பைக் கடற்கரை நிலம் மாநில அரசுடையது. துப்புரவு, விளக்கு, லைஃப்கார்டு எல்லாம் மாநகராட்சியின் வேலை, அதாவது அந்தந்த வார்டு ஆபீஸின் வேலை. சட்டம் ஒழுங்கு லோக்கல் போலீஸ் ஸ்டேஷனுடையது. ஏற்றத்தில் நீர் ஏறும் கோட்டுக்கும் வற்றத்தில் இறங்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள ஈர மணல் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தனிப் பாதுகாப்பு உள்ள பகுதி, அங்கே பொதுவாக எதையும் கட்டி எழுப்பக் கூடாது. இத்தனை பேர் இருப்பதால், ஒருவரிடம் வாங்கிய காகிதம் இன்னொருவரிடம் செல்லாமல் போவது சகஜம்.

நடைமுறையில் கேள்வியைக் கிளப்புவது கேமரா அல்ல, மணலில் ஊன்றும் சாமான். லைட் ஸ்டாண்ட், குடை, பேக்டிராப், பூ வளைவு, ஜெனரேட்டர், இதில் ஒன்று தரையைத் தொட்டாலும் "ஷூட்டிங்" ஆகிவிடுகிறது. தாராவி 90 அடி ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எட்டாம் மாதத்தில் ஒரு பெண், அரக்கு நிறப் பட்டுப்புடவை, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். கூட மாமியார். சூரியன் கடலைத் தொட இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒரே ஒரு ஸ்டாண்டில் சாஃப்ட்பாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மிருதுவாக்கும் துணிப்பெட்டி. கான்ஸ்டபிள் வந்து "பர்மிஷன் ஹை க்யா?" என்றார். நண்பர் மொபைலில் பி.டி.எஃப். தேட, அவர் வார்டு கடிதத்தைப் பார்த்துவிட்டு போலீஸ் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) எங்கே என்று கேட்டார். பேச்சு நீண்டது. உட்கார இடமில்லாமல் அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, விடுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்று அவரே சொன்ன பிறகுதான் அது முடிந்தது. வெளிச்சமும் போய்விட்டது. அனுமதி விஷயத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அபராதப் பயம் காரணமில்லை. காசு கொடுத்து நம்மை நம்பி வந்தவர் நடுமணலில் நிற்கக் கூடாது.

இங்கே போலீசுக்கு இருக்கும் சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. 2008 நவம்பர் 26 அன்று தாக்குதல் நடத்திய பயங்கரவாதிகள் படகில், கடல் வழியாகத்தான் கஃப் பரேட் மீனவர் குப்பத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு கடலைப் பார்த்து நிற்கும் எந்தப் பெரிய சாமானும் கண்ணில் படத்தான் செய்யும்.

காலையா, மாலையா

இடத்துக்கு முன் நேரத்தை முடிவு செய்தால் பாதி அனுமதிப் பிரச்சினை தானாகக் குறைகிறது. மெரினாவில் தொழில் பழகியவர்கள் கடலில் சூரியன் உதிக்கும் என்றே பழகியிருப்பார்கள். மும்பை மேற்குக் கரை. மாலையில் சூரியன் கடலுக்கு மேல், ஆளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வானம் அருமையாக வரும், முகம் கறுத்துப் போகும். முகத்தை மீட்க ஃபிளாஷ், சாஃப்ட்பாக்ஸ் வேண்டும், அதற்கு ஸ்டாண்ட் வேண்டும், ஸ்டாண்டுக்கு அனுமதி வேண்டும். காலையில் இது தலைகீழ். சூரியன் நகரத்தின் பக்கமிருந்து எழுகிறது, கரையோரக் கட்டடங்கள் அதைக் கொஞ்ச நேரம் மறைத்து மிருதுவாக்கித் தருகின்றன, ஆள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிறது. ஒரு 85 எம்.எம். லென்ஸ், கையில் பிடிக்கும் ரிஃப்ளெக்டர், போதும்.

நீர் மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் ஏற்றம் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் பக்கத்தில் வரும். ஆகவே காலை ஆறு ஏழு மணிக்கும் மாலை அதே நேரத்துக்கும் நீர் நன்றாக உள்வாங்கி, கண்ணாடி போல ஈர மணல் விரிந்து கிடக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதே நேரத்தில் ஏற்றம் இருப்பதால் மணல் ஒடுங்கிவிடும். குஜராத்தி, மராத்தி வாடிக்கையாளர்களில் பலர் அமாவாசை வேண்டாம் என்பார்கள். நம் வீடுகளில் அது நிறைந்த நாள். கூட்டம் குறைவான அந்தக் காலையைத் தமிழ்க் குடும்பத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஜூஹு

மாநகராட்சியின் கே வெஸ்ட் வார்டில் வருகிறது, ஆபீஸ் அந்தேரி வெஸ்டில். வசதிக்கு இதுதான் முதலிடம்: ஆட்டோ வாசல்வரை வரும், பொதுக் கழிப்பறை உண்டு, டீ கிடைக்கும், பெரியவர்களை உட்கார வைக்கலாம். குழந்தை ஷூட் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஃப்ரேமுக்குள் முன்பின் தெரியாத பத்துப் பேர் இல்லாமல் ஒரு படம் எடுக்க முடியாது, ரோந்தும் அதிகம். ட்ரோன் பேச்சே வேண்டாம். 1928இல் தொடங்கிய ஜூஹு விமானத்தளம் பக்கத்திலேயே இருக்கிறது, சாந்தாகுரூஸ் ஏர்போர்ட்டும் தூரமில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி ஓர் இடம் ட்ரோன் பறக்கத் தடையுள்ள மண்டலமா என்று மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பார்க்கலாம். அதற்கு மேல் மும்பை போலீஸ் ட்ரோன் தடை உத்தரவை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. எடை 250 கிராமுக்குக் குறைவு என்ற வாதம் அந்த உத்தரவுக்கு முன்னால் நிற்காது. வீடியோகிராஃபர் "சின்ன ட்ரோன்தான் அண்ணே" என்றாலும் பையிலேயே இருக்கட்டும்.

கரையோர ஹோட்டல்களின் புல்வெளி வேறு உலகம். மதிலுக்கு உள்ளே ஹோட்டலின் அனுமதி, வாடகை. கேட்டைத் தாண்டி மணலில் கால் வைத்ததும் மறுபடி வார்டும் போலீசும். ஹோட்டல்காரர் "பீச் வ்யூ பேக்கேஜ்" என்று சொன்னால் எது வரை என்று எழுத்தில் கேளுங்கள்.

வெர்சோவா

இதுவும் அதே கே வெஸ்ட் வார்டு, போலீஸ் ஸ்டேஷன் மட்டும் வெர்சோவா. என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் தொடங்கிய துப்புரவுப் பணியால் மீண்டு வந்த மணல் இது. 2018 மார்ச்சில் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் இங்கே பொரித்துக் கடலுக்குப் போயின. அந்த ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கன்ஃபெட்டி, கலர்ப்பொடி, ஸ்மோக் பாம் எல்லாம் இங்கே கொண்டுபோகவே கூடாது, அனுமதி கிடைத்தாலும்.

வார நாள் காலையில் நடைப்பயிற்சிக்காரர்களைத் தவிரக் கூட்டம் இருக்காது. வடக்குக் கோடியில் கோலிவாடா, அதாவது கோலி மீனவர்களின் குடியிருப்பு. வண்ணம் பூசிய படகுகளும், மூங்கிலில் காயும் பொம்பில் கருவாடும் பேக்கிரவுண்டாக ஆசை காட்டும். அது கோலி மக்களின் வேலையிடம். ஒரு சொல் கேட்டுவிட்டு எடுங்கள், வலையை நகர்த்தச் சொல்லாதீர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் கரையிலேயே நிற்கும், ஆனால் அப்போது மழையும் கூடவே இருக்கும். 2022 ஜூலையில் ஆரஞ்சு, ரெட் அலர்ட் நாட்களில் காலை 6 முதல் 10 மணி வரைதான் கடற்கரைக்குள் போகலாம் என்று மாநகராட்சி உத்தரவு போட்டது. மழைக்கால புக்கிங்கில் தேதி மாற்றும் வசதியை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வெர்சோவாவின் பெரிய குறை புடவை மாற்ற இடமில்லாதது. வேன் இல்லாமல் பெண்களைக் கூட்டிப் போகாதீர்கள். பட்டுப்புடவையின் கீழ்க்கரையை உப்பு நீரில் விடாதீர்கள், சரிகை கறுத்துவிடும்.

கிர்காவ் சௌபாத்தி, மரைன் டிரைவ்

சிறிய டீமுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கிர்காவ் மணல் டி வார்டில் இருக்கிறது, ஆனால் அங்கே எது நடக்கலாம் என்பதில் நீதிமன்றத்தின் கண்ணும் இருக்கிறது. 2016இல் மேக் இன் இந்தியா விழாவுக்கே பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்து, பிறகு உச்ச நீதிமன்றம் போய்த்தான் கிடைத்தது. பிப்ரவரி 14 அன்று அந்த மேடை தீப்பிடித்தது. மலபார் ஹில் முனையில் ஆளுநர் மாளிகை வேறு. இத்தனை கண்கள் இருக்கும் இடத்தில் ஒரு ஜோடிக்கு நான்கு படம் எடுக்க வார்டு ஆபீசில் நாட்களைச் செலவிடுவது நியாயமில்லை. மரைன் டிரைவ் மணலே அல்ல, நடைபாதை. ஸ்டாண்ட் வைத்தால் பாதையை மறிக்கிறீர்கள், நான்கு கால் கான்கிரீட் கற்களின் மேல் ஆளை ஏற்றினால் உயிரோடு விளையாடுகிறீர்கள். அதிகாலையில் கையில் கேமராவோடு நடந்தபடி எடுக்கலாம், அவ்வளவே.

அக்ஸா, மட் தீவு, தனியார் பங்களா

அக்ஸா அகலமானது, அழகானது, ஆபத்தானது. நீரோட்டம் ஆளை இழுக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. முழங்கால் தண்ணீர் ஷாட் இங்கே கிடையாது என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பி நார்த் வார்டு, மால்வணி போலீஸ். கூடவே மார்வேயில் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹம்லா தளம். அந்தத் திசையில் லென்ஸைத் திருப்பினால் வார்டு கடிதம் காப்பாற்றாது, 1923 அலுவலக ரகசியச் சட்டம் வரை போகும். மட் கோட்டை விமானப்படையின் கையில், அங்கேயும் தனி அனுமதி.

லைட், பேக்டிராப், பூ அலங்காரம், புகை எல்லாம் வேண்டும் என்று குடும்பம் பிடிவாதமாக இருந்தால், மட் பக்கம் சீரியல்காரர்களுக்கு வாடகைக்கு விடும் தனியார் பங்களாவில் ஒரு பாதி நாள் எடுப்பதுதான் சரி. வாடகையைக் கேட்டதும் தலை சுற்றும். ஆனால் அறை, கழிப்பறை, மின்சாரம், மேக்கப் கண்ணாடி, யாரும் வந்து கேட்காத நிம்மதி எல்லாம் அதற்குள் அடக்கம். கர்ப்பிணிக்கு இது மணலைவிட நூறு மடங்கு மேல். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: 2023 ஏப்ரலில் மட்-மார்வே பகுதியில் கடலோர விதிகளை மீறிக் கட்டிய ஸ்டூடியோக்களை மாநகராட்சி இடித்தது. இடம் முறையான வீடுதானா, தற்காலிக ஷெட்டா என்று கேட்டு, உரிமையாளரிடம் எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

வசாய் கோட்டையைக் கேட்பவர்களும் உண்டு. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். ட்ரைபாட் வைத்தாலே அவர்கள் அனுமதி வேண்டும்.

காகிதத்தில் என்ன எழுத வேண்டும்

அனுமதிக் கடிதம் எழுதும்போது நம்மவர்கள் "போட்டோஷூட்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். வாங்குபவர் மனதில் ஒரு சினிமா யூனிட் விரிகிறது. தேதி, எந்த மணி முதல் எந்த மணி வரை, மணலின் எந்தப் பகுதி, மொத்தம் எத்தனை பேர், சாமான் பட்டியல், இவற்றோடு "செட் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, ட்ரோன் இல்லை, வாகனம் மணலில் இறங்காது" என்ற வரியை மராத்தியில் எழுதுங்கள். குமாஸ்தா லைசென்ஸ் (கடை, நிறுவனப் பதிவுச் சான்று) நகலும் ஆதார் நகலும் இணைக்கவும். வார்டுக்கு ஒன்று, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று, ஒரே நாளில் கொடுங்கள். இன்வர்ட் முத்திரை விழுந்த நகல் கையில் இருந்தால் அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். கடிதம் வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. கட்டணம் கேட்டால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், ஒருவர் கொடுத்துப் பழக்கினால் அடுத்து வரும் சின்னப் பையன்கள் எல்லோரும் கொடுக்க வேண்டியிருக்கும்.

வாடிக்கையாளரிடம் வாங்க வேண்டிய அனுமதி தனி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். அந்தப் படத்தை நம் பேஜில் போட அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். புக்கிங் படிவத்தில் "போடலாம்", "போடக் கூடாது" என்று இரண்டு கட்டம் வைப்பவர்கள், மெட்டர்னிட்டி ஷூட்டுக்கு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "குழந்தை பிறந்த பிறகு போடலாம்". கண் பட்டுவிடும் என்று தயங்கும் மாமியார்கள் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நிம்மதியாகப் படத்துக்கு நிற்கிறார்கள்.