சஃபையர் கண்ணாடியில் ஏஆர் பூச்சு: உள்பக்கம் மட்டுமா, இருபுறமுமா, வேண்டவே வேண்டாமா?

வாட்ச்சின் விவரப் பட்டியலில் "சஃபையர் கண்ணாடி, ஏஆர் பூச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏஆர் (anti-reflective) என்றால் கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு. அந்தப் பூச்சு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம், பல நிறுவனங்கள் அதைச் சொல்வதே இல்லை. கிராண்ட் சீக்கோ உள்பக்கத்தில் மட்டும் என்று எழுதிக் கொடுக்கிறது. பிரைட்லிங்கும் ஸின்னும் பல மாடல்களில் இருபுறமும் என்கின்றன. மூன்றுமே நல்ல வாட்ச்கள் செய்பவர்கள்தான். அப்படியிருந்தும் ஏன் வேறுவேறு முடிவு?

முதலில் கணக்கு. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரு பங்கு திரும்பிவிடும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றின் எண்ணும் கண்ணாடியின் எண்ணும் எவ்வளவு விலகி இருக்கிறதோ, அவ்வளவு கூடுதலாகத் திரும்பும். சஃபையரின் எண் 1.77. அதனால் ஒரு பரப்பில் 7.7 சதவீதம், மேலும் கீழும் சேர்த்து 14 சதவீதத்துக்குச் சற்று மேல். மினரல் கண்ணாடிக்கு (சாதாரணக் கண்ணாடி வகை) எண் 1.52, இரு பரப்பிலும் சேர்த்து 8 சதவீதம் சொச்சம். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்குக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஏழரை சதவீதம். கீறலுக்கு அசைந்துகொடுக்காத சஃபையர்தான் மூன்றிலும் அதிகமாகக் கண்ணைக் கூசவைக்கிறது.

இப்போது சஃபையரின் உள்பக்கத்தில் மட்டும் நல்ல பூச்சு கொடுத்தால் 14 சதவீதம் 8 ஆகக் குறையும். அதாவது, பூச்சே இல்லாத மினரல் கண்ணாடியின் அளவுக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். வெளிப்பக்கமும் பூசினால் 1 சதவீதத்துக்கு அருகே இறங்கிவிடும். இரண்டு பூச்சும் பாதிப் பாதி வேலை செய்வதுபோலத் தோன்றும். கண்ணுக்கு அப்படித் தெரியாது. கண் பார்ப்பது விகிதத்தை. 14-லிருந்து 8 என்றால் கூச்சம் பாதியாகக்கூடக் குறையவில்லை. 8-லிருந்து 1 என்றால் எட்டில் ஒரு பங்காகிவிட்டது. கண்ணாடியே இல்லாததுபோல டயல் தெரிகிறது என்று சொல்வார்களே, அது இந்த இரண்டாவது பூச்சு வந்த பிறகு கிடைப்பது.

டயலுக்குப் போகும் ஒளி கண்ணாடியை இரண்டு முறை கடக்கிறது, உள்ளே போக ஒருமுறை, திரும்பிவர ஒருமுறை. பூச்சில்லாத சஃபையரில் இந்தப் போக்குவரத்திலேயே கால் பங்குக்கு மேல் போய்விடும். உள்பக்கப் பூச்சு மட்டும் இருந்தால் 15 சதவீதம் போகும். இருபுறமும் இருந்தால் 2 சதவீதம்தான் இழப்பு.

ஆனால் இந்த வித்தியாசம் எல்லா டயலிலும் ஒரே மாதிரி உறைக்காது. வெள்ளை டயல் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், அதன்மேல் 8 சதவீதப் பிரதிபலிப்பு கலந்தால் பெரிதாகத் தெரியாது. கருப்பு டயல் அனுப்புவதே சில சதவீதம். அங்கே ஜன்னலின் பிம்பம் டயலைவிடப் பிரகாசமாக இருக்கும், மணி பார்க்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டிவரும். வெள்ளை, வெள்ளி, வெளிர் நிற டயலுக்கு உள்பக்கம் மட்டும் போதும். கருப்பு, கருநீலம், அதிலும் பளபளப்பான லாக்கர் டயல் என்றால் இருபுறப் பூச்சுக்குத்தான் முதலிடம்.

பூச்சு என்பது என்ன?

மிக எளிய வகை, மெக்னீசியம் ஃபுளோரைடின் ஒற்றை அடுக்கு. அதன் ஒளிவிலகல் எண் 1.38, தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளத்தில், அந்த அடுக்குக்குள் அளந்தால், கால் பங்கு. அடுக்கின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் அடியிலிருந்து திரும்பும் அலையும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முழுதாக அழிய அடுக்கின் எண், கண்ணாடியின் எண்ணுக்கு வர்க்கமூலமாக இருக்க வேண்டும். சஃபையருக்கு அது 1.33, மினரலுக்கு 1.23. அதனால் இதே மலிவான ஒற்றை அடுக்கு சஃபையர்மேல் பச்சையில் 0.2 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும், மினரலில் 1.3 சதவீதத்தில் நின்றுவிடும். சஃபையருக்கு இயல்பாக அமைந்த பொருத்தம் இது.

குறை என்னவென்றால், பச்சை மட்டும்தான் முழுதாக அடங்கும். நீலமும் சிவப்பும் கொஞ்சம் மிஞ்சும், அதுதான் அந்தக் கத்தரிப்பூ நிறச் சாயல். சிலிக்கா, டைட்டானியம் ஆக்சைடு போன்றவற்றை மாற்றி மாற்றி அடுக்கும் பல அடுக்குப் பூச்சில் சாயல் மிக மெல்லியதாகிவிடும். குவிந்த கண்ணாடியில் இன்னொரு சிக்கல் உண்டு. வெற்றிடக் கலத்தில் பூச்சு ஆவியாக வந்து படியும்போது சரிவான ஓரங்களில் மெலிதாகப் படியும். நடுவில் தெளிவாகவும் விளிம்பில் வேறு நிற வளையமாகவும் தெரிவது இதனால்தான். அதைப் போலி என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

வெளிப்பூச்சின் விலை

எது எதைக் கீறும் என்பதை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் சஃபையரின் கடினம் 9. மெக்னீசியம் ஃபுளோரைடு சுமார் 6, சிலிக்கா சுமார் 7. காற்றில் பறக்கும் மணலின் கடினமும் 7. கீறாத கண்ணாடி என்று சஃபையரை வாங்கி, அதன்மேல் மணல் கீறக்கூடிய ஒரு தோலைப் போர்த்துகிறோம். கீறலின் ஆழம் மிகக் குறைவுதான், ஆனால் பளிச்சென்று தெரியும். சுற்றிலும் அரை சதவீதம் பிரதிபலிக்கும்போது கீறல் விழுந்த கோட்டில் மட்டும் வெற்றுச் சஃபையர் 7.7 சதவீதம் மின்னுகிறது. சஃபையரே கீறிவிட்டது என்று புலம்புவோரில் பலர் பார்ப்பது பூச்சின் கீறலைத்தான்.

விரல் ரேகையிலும் இதே கதை. தோலின் எண்ணெய்க்கு ஒளிவிலகல் எண் 1.5 அளவில் இருக்கும். பூசிய பரப்பில் அது படிந்தால் அலைகள் அழியும் ஏற்பாடு கெட்டு அந்த இடம் நீலமாகவோ மஞ்சளாகவோ திட்டுத்திட்டாகத் தெரியும். வெற்றுச் சஃபையரில் அதே ரேகை பொதுப் பளபளப்புக்குள் மறைந்துவிடும். எண்ணெய் ஒட்டாத மேலடுக்கு கொடுத்தால் துடைப்பது எளிது, ஆனால் அந்த அடுக்கும் தேயக்கூடியதே.

துடைக்கும் முறையில் கவனம் தேவை. சட்டை நுனியால் அப்படியே தேய்ப்பதுதான் பூச்சைக் கொல்வது. நீர் புகாத வாட்ச் என்றால் முதலில் குழாய் நீரில் மணலைக் கழுவிவிட்டு, பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பற்பசை போட்டுத் தேய்ப்பது அக்ரிலிக்குக்கான வைத்தியம். பூசிய சஃபையர் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது.

டைவர் வாட்ச்சுக்குக் கணக்கே மாறுகிறது

நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நீருக்குள் வெளிப்பரப்பின் பிரதிபலிப்பு பூச்சே இல்லாமல் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மெக்னீசியம் ஃபுளோரைடு பூசினாலும் அது 1 சதவீதம் அளவில்தான் நிற்கும். அங்கே வெளிப்பூச்சுக்கு வேலையே இல்லை. உள்ளே காற்று இருப்பதால் உள்பூச்சு அங்கும் பயன் தரும். மணலிலும் பாறையிலும் உரசும் வாட்ச்சுக்கு உள்பக்கம் மட்டும் பூசுவது கஞ்சத்தனம் அல்ல, சரியான தேர்வு.

நீருக்குள் தட்டையான கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் திடீரென்று முழுதும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னும். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் போனால் ஒளி உள்ளிருக்கும் காற்றுக்குள் நுழையாமல் முழுதாகத் திரும்பிவிடுவதுதான் காரணம். எந்தப் பூச்சாலும் இதைத் தடுக்க முடியாது. ஸின் தன் யூஎக்ஸ் வாட்ச்சின் உள்ளே காற்றுக்குப் பதில் எண்ணெய் நிரப்பியிருப்பதால் அதில் இந்த மின்னல் இல்லை.

பூச்சு எங்கே என்று கண்டுபிடிக்க

ஒற்றைச் சிறு வெள்ளை எல்இடி விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். கண்ணாடியில் ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு பிம்பங்கள் தெரியும். இரண்டும் வெள்ளையாக, சம வெளிச்சமாக இருந்தால் பூச்சு இல்லை. ஒன்று வெள்ளை, மற்றது மங்கிய நீலமோ கத்தரிப்பூவோ என்றால் ஒரு பக்கம் மட்டும். இரண்டுமே மங்கி நிறமாக இருந்தால் இருபுறமும். டயல் பளபளப்பாக இருந்தால் மூன்றாவதாக ஒரு பிம்பம் வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கீறிய வெளிப்பூச்சை எடுத்துவிட முடியும். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமான பெசலுக்கு டேப் ஒட்டி மறைத்து, 1 மைக்ரான் வைரப் பேஸ்ட்டைச் சிறிய ஃபெல்ட் சக்கரத்தில் வைத்து மெதுவாகத் தேயுங்கள். பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது, சஃபையருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கண்ணாடி சஃபையர்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மினரலில் இதைச் செய்தால் பரப்பு முழுதும் மங்கிவிடும். பாதியில் நிறுத்தினால் நிறத் திட்டுகள் முன்பைவிட அசிங்கமாக நிற்கும், ஓரம்வரை முழுதும் எடுக்க வேண்டும். இடையிடையே ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் கேஸ்கெட் (நீர் புகாமல் தடுக்கும் வளையம்) கெட்டுவிடும்.

மறுபடி பூச வேண்டுமென்றால் அது கையால் ஆகிற வேலை அல்ல. கண்ணாடியைக் கழற்றி, வெற்றிடக் கலத்தில் சூடேற்றிப் பூச வேண்டும். திரும்பப் பொருத்தும்போது கேஸ்கெட்டை மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். பெரும்பாலும் பூசிய புதுக் கண்ணாடி வாங்கிப் போடுவதே சுலபம்.